மயில் கழுத்துக் காரில் மிச்சம் விழுந்தவை

1952 ஆனி மாதம் ஷேக் தாவூது அந்த மயில் கழுத்து நிறக் காரை முதல் தடவையாக முழுதும் பிரித்துத் திரும்பப் பூட்டியபோது ஒரு வால்வு மிச்சம் விழுந்தது. காரில் எதுவும் குறையவில்லை. ஆறு சிலிண்டருக்குப் பன்னிரண்டு வால்வு. பன்னிரண்டும் அதனதன் இடத்தில் உட்கார்ந்திருந்தன, என்ஜின் ஒரே முயற்சியில் கிளம்பியது. பதின்மூன்றாவது வால்வு தகர ஷெட்டின் பலகை மேல், வார்ப்பு மெருகு குலையாமல், எண்ணெய்ப் பசையோடு கிடந்தது. அந்த வாரம் புதுக்கோட்டையில் நிலக்கடலை மூட்டைக்கு இரண்டு ரூபாய் ஏறியிருந்தது, மழை தள்ளிப் போயிருந்தது. அதனால் வால்வைப் பற்றி யாரும் அதிகம் பேசவில்லை.

காரின் சொந்தக்காரர் சோலையப்பன் ராயவரத்துச் செட்டியார். சைகோனில் இருபத்திரண்டு வருஷம் இருந்தவர். சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த மறு வருஷம், அங்கே துப்பாக்கிச் சத்தம் தெருவுக்குத் தெரு கேட்க ஆரம்பித்துவிட்டதென்று கடையை மூடிக்கொண்டு திரும்பினார். கூடக் கப்பலேறியவர்கள் தேக்குப் பீரோவும் பீங்கான் சாடியும் நிலைக்கண்ணாடியும் கொண்டுவந்தார்கள். அவர் கொண்டுவந்தது இந்தக் கார் மட்டும். உலகச் சண்டைக்கு முன்னால் பிரான்சில் செய்த கூபே: இரண்டே கதவு, இரண்டே பேருக்குத் தோல் இருக்கை, ஓர் ஆள் படுத்துத் தூங்கும் நீளத்துக்கு பானெட், பின்புறம் தரையை நோக்கிச் சரிந்து முடியும் கூரை. சென்னைத் துறைமுகத்திலிருந்து கூட்ஸ் வண்டியில் ஏறி வந்து, புதுக்கோட்டை ரயிலடியில் இறங்கி, கீழ மூன்றாம் வீதி வரை தானாக ஓடி வந்து வீட்டு வாசல் கொட்டகையில் நின்றது. அதற்குப் பிறகு பதினோரு மாதம் அது அசையவில்லை. பஸ் கம்பெனி மெக்கானிக்குகள் வந்தார்கள், பானெட்டைத் திறந்தார்கள், வரிசையாக நின்ற மூன்று கார்புரேட்டர்களைப் பார்த்தார்கள், மூடிவிட்டுப் போனார்கள்.

ஷேக் தாவூது கோட்டைப்பட்டினத்துக்காரர். பதினாறு வயதில் மாமன் ஒருவரோடு கப்பலேறி, சைகோனில் ஒரு பிரெஞ்சுக்காரரின் ஒர்க்‌ஷாப்பில் பதினாலு வருஷம் வேலை பார்த்தார். ஊர் திரும்பி, அறந்தாங்கி சாலையில் ஒரு தகர ஷெட் போட்டு, அதன் பின்னாலேயே வீடு வைத்து, பஸ்களையும் அரிசி மில் என்ஜின்களையும் பழுது பார்த்துக்கொண்டிருந்தார். 1950 பங்குனியில் ஒரு காலை கீழ மூன்றாம் வீதி வழியாக நடந்து போகையில் யாரோ ஓர் என்ஜினைக் கிளப்பப் பார்த்துத் தோற்கும் சத்தம் கேட்டது. நின்றார். கொட்டகையை எட்டிப் பார்த்துச் சொன்னார்:

"மூணாவது கார்புரேட்டர் மூச்சு விடலைங்க. மத்த ரெண்டும் அதுக்கும் சேத்து இழுக்குது, அதான் மூழ்குது."

சோலையப்பன் காரிலிருந்து இறங்கி வந்தார். "நீங்க யாரு?"

"கோட்டைப்பட்டினத்துத் தாவூது. சைகோன்ல இந்த மாதிரி வண்டிதான் பாத்துக்கிட்டு இருந்தேன்."

"இது ஓடுமா பாய்?"

"ஓடாம என்னங்க செய்யும்? அதுக்குத்தான செஞ்சு வச்சிருக்கான்."

மூன்று நாளில் ஓடியது. கார்புரேட்டர் மூன்றும் ஒரே அளவாய்க் காற்றை இழுக்கின்றனவா என்று கேட்க ஒர்க்‌ஷாப்பில் ரப்பர்க் குழாய் வைத்திருப்பார்கள். தாவூது பப்பாளி இலைத் தண்டை ஒடித்து, ஒரு முனையைக் கார்புரேட்டர் வாயிலும் மறு முனையைக் காதிலும் வைத்துக் கேட்டார். மூன்றும் ஒரே ஸ்வரத்தில் உஸ்ஸென்றபோது திருகாணியை இறுக்கிவிட்டு எழுந்தார்.

ஓடத் தொடங்கியதும் இன்னொரு சிக்கல் தெரிந்தது. சைகோனில் சாலையின் வலப்பக்கம் போவார்கள், அதனால் காருக்கு ஸ்டியரிங் இடப்பக்கம். நம் சாலையில் முன்னால் ஒரு மாட்டுவண்டி போனால் அதைத் தாண்ட முடியாது. எதிரே என்ன வருகிறதென்று ஓட்டுகிறவருக்குத் தெரியாது. வலப்பக்க இருக்கையில் ஒருவர் உட்கார்ந்து பார்த்துச் சொல்ல வேண்டும். தாவூது உட்கார்ந்தார். பாதை காலியாக இருந்தால் "அல்லே!" என்பார். பிரெஞ்சில் அதற்குப் போ என்று அர்த்தம். சோலையப்பன் உடனே மிதிப்பார். மாட்டுவண்டிக்காரர்கள் அவர் அல்லாவைக் கூப்பிடுகிறார் என்று நினைத்துக்கொண்டு மரியாதையாக ஒதுங்கினார்கள். இப்படி இரண்டு பேரும் எட்டு வருஷம் போனார்கள். சித்தன்னவாசல் பாறையடி வரை போய், இறங்காமலே திரும்பி வருவார்கள். இலுப்பூருக்குக் காய் வாங்கப் போவார்கள். காய் புதுக்கோட்டையிலேயே கிடைத்தது. வழியில் இரண்டு பேரும் சைகோன் தெருக்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போவார்கள், எந்த முக்கில் எந்த ரொட்டிக்கடை என்று. புதுக்கோட்டையில் அதைக் கேட்க வேறு ஆள் கிடையாது. சோலையப்பனின் மனைவி காலமாகியிருந்தார். வீட்டை மனைவியின் தம்பி திருப்பதி கவனித்துக்கொண்டார். திருப்பதிக்குக் காரைக் கண்டால் ஆகாது, காரில் போகிற பாயைக் கண்டால் அதைவிட ஆகாது.

காரைப் பராமரிப்பது சின்ன வேலையாக இல்லை. கம்பெனிக்கு எழுதிய கடிதம் அப்படி ஒரு விலாசம் இல்லை என்று முத்திரை குத்தித் திரும்பி வந்தது. வெளிநாட்டுச் சாமான் இறக்க லைசென்ஸ் வேண்டும், அது இந்த மாதிரிச் சொகுசுக் காருக்குக் கிடைக்காது. பிரேக் லைனிங்கை பஸ் லைனிங்கிலிருந்து அரம் போட்டு இழைத்தார் தாவூது. ஹெட் கேஸ்கெட்டைச் செம்புத் தகட்டில் வெட்டினார். காரின் மேல்கூட்டுக்குள்ளே இருந்தது மரச்சட்டம். அந்தச் சீமை மரத்தைச் செம்மண் கரையான் ஒரே கோடையில் தின்று தீர்த்தது. ஆசாரி ராக்கனை வைத்து வேப்பஞ்சட்டம் போட்டார்கள். அதைக் கரையான் தொடவில்லை, ஆனால் கார் மூன்று மாதம் கசப்பாக மணத்தது. இரண்டாயிரம் மைலுக்கு ஒருமுறை ஆயில், வருஷத்துக்கு ஒருமுறை என்ஜினைப் பிரித்துக் கரி சுரண்டி வால்வை அரைத்துப் பூட்டுவது என்று ஒரு முறை ஏற்பட்டது.

ஒவ்வொரு தடவை பூட்டும்போதும் ஏதாவது மிச்சம் விழுந்தது.

முதல் வால்வைத் தாவூது சோலையப்பனிடம் கொண்டுபோய்க் காட்டினார். "எங்கிட்டு இருந்து வந்துச்சுன்னு தெரியலைங்க. எல்லாம் உள்ள இருக்கு. இது மிச்சம்."

"வச்சுக்கங்க பாய். எப்பவாவது ஆகும்" என்றார் சோலையப்பன்.

ஆகவில்லை. 1954இல் நாலாவது சிலிண்டரின் வால்வு கருகியபோது தாவூது அந்தப் புது வால்வை மாட்டிப் பார்த்தார். அளவு கச்சிதம். கார் கிளம்பவில்லை. இரண்டு நாள் முயன்றுவிட்டு, கருகிய வால்வையே அரைத்து மாட்டினார். கிளம்பியது. மிச்சம் விழுந்தது எதையும் இந்தக் கார் திரும்ப ஏற்றுக்கொள்ளாது என்று தெரிந்துகொண்டார். அதன் பிறகு அவற்றைப் பற்றிச் சோலையப்பனிடம் சொல்லவில்லை. மறைக்க வேண்டுமென்று இல்லை. சொல்ல என்ன இருக்கிறது என்று இருந்துவிட்டார்.

மிச்சம் விழுந்தவற்றை அவர் மனைவி ரஹீமா பீவி எடுத்து வைத்தார். குழந்தை இல்லாத வீடு, இடம் இருந்தது. அந்த அம்மாளுக்கு எந்தப் பொருளும் சும்மா கிடப்பது பிடிக்காது. பல் சக்கரம் ஒன்று ஊறுகாய்ச் சாடிக்கு மேல் பாரமானது. ஹெட்லைட் கண்ணாடி பருப்பு உலர்த்தும் தட்டானது. 1955இல் ஐந்து சக்கரத்தைக் கழற்றி ஐந்து சக்கரத்தை மாட்டிய பிறகு சுவரோரம் ஒரு சக்கரம் சாய்ந்து நின்றது. அதன் மேல் பலகை போட்டு அரிசிப்பானை வைத்தார். 1957இல் கதவுக் கீலுக்கு எண்ணெய் விட்டு முடித்தபோது மூன்றாவதாக ஒரு கதவு நின்றது. கண்ணாடி ஏற்றி இறக்கும் கைப்பிடியோடு, அதே மயில் கழுத்து நிறத்தில். அதைக் கோழிக்கூண்டுக்கு வைத்தார். காலையில் கைப்பிடியைச் சுற்றினால் கண்ணாடி இறங்கும், கோழிகள் வெளியே குதிக்கும்.

1958 ஆடியில் திருப்பதி முட்டை வாங்க வந்தார்.

அவர் முட்டை வாங்காமல் திரும்பிப் போனார். மறுநாள் சந்தை நாள். அறந்தாங்கி சாலையில் வண்டியும் ஆளும் நிறைந்திருந்த நேரத்தில், நல்லதம்பியின் டீக்கடைக்கு எதிரே, சோலையப்பனை அழைத்துக்கொண்டு வந்து கோழிக்கூண்டுக்கு முன்னால் நிறுத்தினார். ஊறுகாய்ச் சாடியும் பருப்புத் தட்டும் அரிசிப்பானைச் சக்கரமும் ஒவ்வொன்றாக ஷெட் வாசலுக்கு வந்தன. கூட்டம் கூடியது. "பாத்துக்கங்க அத்தான். எட்டு வருஷமா வண்டியக் கொஞ்சம் கொஞ்சமாக் கடத்தி இருக்காரு. உள்ள என்னத்த மாட்டி வச்சிருக்காரோ" என்றார் திருப்பதி.

சோலையப்பன் கதவையே பார்த்துக்கொண்டு நின்றார். சைகோனில் கூட்டாளி ஒருவரை இருபது வருஷம் நம்பிவிட்டு, கடைசி மாதத்தில் அந்த ஆள் காலி செய்துவிட்டுப் போன கல்லாவைக் கண்டவர் அவர். அந்த ஞாபகம் வந்திருக்கலாம். திரும்பிக் கேட்டார்: "பாய், நீங்க எடுத்தீகளா?"

தாவூது கையிலிருந்த ஸ்பேனரைத் துடைத்தார். "கேட்டுட்டீக."

"கேக்காம என்ன செய்ய? சொல்லுங்க."

"கேட்டுட்டீகள்ல. அதோட முடிஞ்சு போச்சுங்க" என்றார். ஷெட் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போனார்.

திருப்பதி மதுரையிலிருந்து ஒரு மெக்கானிக்கை வரவழைத்தார். வண்டியோடு வந்த பிரெஞ்சுக் கேட்டலாக் ஒன்று இருந்தது. அதில் ஒவ்வொரு உருப்படிக்கும் படமும் எண்ணும் உண்டு, மொத்தம் இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினாறு. மதுரைக்காரர் கீழ மூன்றாம் வீதி வீட்டின் கல்யாணக் கூடத்தில் சாக்குகளை விரித்து, காரைக் கடைசித் திருகாணி வரை பிரித்து அடுக்கினார். பதினோரு நாள் எண்ணினார்கள். இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினாறு இருந்தது. கம்பெனி செய்தவை எல்லாவற்றிலும் முத்திரை இருந்தது. தாவூதே செய்து போட்டிருந்த கேஸ்கெட்டும் பிரேக் லைனிங்கும்கூட எண்ணிக்கையில் சரியாக வந்தன. "ஒண்ணும் கொறையலைங்க" என்றார் மதுரைக்காரர். "சரி, பூட்டுங்க" என்றார் சோலையப்பன். மதுரைக்காரர் கூடம் முழுவதையும் ஒரு தடவை சுற்றிப் பார்த்தார். சாப்பிட்டுவிட்டு வருவதாகச் சொல்லிப் போனவர் மூன்றரை மணி பஸ்ஸில் ஊருக்குப் போய்விட்டார்.

அதற்குள் தாவூது ஷெட்டைப் பூட்டிவிட்டு, வீட்டுச் சாமானையும் மிச்சம் விழுந்தவற்றையும் இரண்டு மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு கோட்டைப்பட்டினம் போய்ச் சேர்ந்திருந்தார். எண்ணிக்கை சரியாக வந்த செய்தி சந்தை வரை போகவில்லை. திருடு போன செய்தி அறந்தாங்கி தாண்டிப் போயிருந்தது.

சோலையப்பன் இரண்டு தடவை ஆள் அனுப்பினார். தாவூது வந்தவர்களுக்குச் சோறு போட்டு அனுப்பினார், பதில் அனுப்பவில்லை. கார் இரண்டு ஐப்பசி மழையைக் கல்யாணக் கூடத்தில் சாக்குகளின் மேல் கழித்தது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் சோலையப்பன் தரையில் உட்கார்ந்து சாமான்களுக்குத் துணியால் எண்ணெய் தடவினார். சில உருப்படிகளின் பெயர் அவருக்குத் தெரியாது. அவற்றை எடுத்துக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்துவிட்டு இருந்த இடத்திலேயே வைப்பார். சைகோன் தெருக்களைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டார். 1960 மாசியில், வாழ்க்கையில் முதல் தடவையாக டவுன் பஸ் ஸ்டாண்டில் வரிசையில் நின்று, கோட்டைப்பட்டினத்துக்குப் பஸ் ஏறினார்.

தாவூது கடற்கரையில் ஒரு வள்ளத்தின் என்ஜினைக் குடைந்துகொண்டிருந்தார். அப்போதுதான் அங்கே ஓரிரண்டு வள்ளத்துக்கு என்ஜின் மாட்டியிருந்தார்கள். செட்டியாரைக் கண்டதும் கையைத் துடைத்துக்கொண்டு, "வாங்க, வெயில்ல நிக்காதீங்க" என்று வீட்டுக்கு அழைத்துப் போனார். ரஹீமா பீவி கதவுக்குப் பின்னால் நின்றபடி சர்பத் அனுப்பினார்.

"வண்டி பிரிச்சபடி கெடக்கு பாய்" என்றார் சோலையப்பன்.

"கேள்விப்பட்டேன்."

"எண்ணிப் பாத்துட்டோம். ஒண்ணும் கொறையல."

"அது எனக்கு எண்ணாமலே தெரியுங்க."

சோலையப்பன் சர்பத் டம்ளரைக் கீழே வைத்தார். "நான் கேட்டிருக்கக் கூடாது."

கதவுக்குப் பின்னாலிருந்து ரஹீமா பீவி பேசினார்: "அண்ணே, நான் ஒண்ணு சொல்லலாமா?"

"சொல்லுங்கம்மா."

"எண்ணுனது ஒங்க வீட்டுக்குள்ள. கேட்டது நடு ரோட்டுல, சந்தை அன்னைக்கு. இவுக பள்ளிவாசலுக்குப் போனா இன்னமும் ரெண்டு பேரு பேச்ச நிறுத்துறாக. எங்கிட்ட முட்டை வாங்க வர்ற பிள்ளைக, அந்தக் கதவு எங்கம்மா இருக்குன்னு கேக்குதுக. நீங்க இங்க வந்து எங்க ரெண்டு பேத்துகிட்டச் சொன்னா அது எங்க ரெண்டு பேத்துக்குத்தான் தெரியும். கேட்ட எடத்துலயே போய்ச் சொல்லுங்க. அப்புறம் இவுக வாரதும் வராததும் இவுக இஷ்டம்."

சோலையப்பன் மிச்சச் சர்பத்தைக் குடித்து முடித்தார். "சரிம்மா" என்று எழுந்து பஸ்ஸுக்குப் போனார்.

அடுத்த சந்தை நாளில் நல்லதம்பியின் டீக்கடை வாசலில் அவர் வந்து நின்றார். வெள்ளை வேட்டி, சில்க் மேல்துண்டு. தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஷேக் தாவூது என் வண்டியிலேருந்து எதையும் எடுக்கல. எடுத்தாரான்னு நான் கேட்டது தப்பு" என்றார். குரல் எழும்பவில்லை. பக்கத்தில் நின்ற ஒருவர் என்ன வண்டி என்று கேட்டார். கேட்டவர் வயலோகத்து ஆள், அவருக்கு எதுவும் தெரியாது. அவருக்குச் சோலையப்பன் சைகோனிலிருந்து தொடங்கிச் சொல்ல வேண்டியதாயிற்று. சொல்லி முடிப்பதற்குள் வேறு இரண்டு பேர் வந்து நின்றார்கள். அவர்களுக்கும் முதலிலிருந்து சொன்னார். பகல் பன்னிரண்டு மணிக்குள் பதினாலு தடவை சொன்னார். எட்டாவது தடவையிலிருந்து குரல் எழும்பியது. நல்லதம்பி கேட்காமலே டீ கொடுத்தார். அடுத்த சந்தைக்கும் வந்து சொன்னார். எத்தனை சந்தைக்குச் சொல்ல வேண்டும் என்று ரஹீமா பீவி கணக்குச் சொல்லவில்லை. மூன்றாவது சந்தையில் பேசிக்கொண்டே திரும்பியபோது கடைப் பெஞ்சில் தாவூது உட்கார்ந்திருந்தார். எப்போது வந்தாரென்று தெரியவில்லை. பாதி டீ குடித்திருந்தார்.

"போதுங்க" என்றார் தாவூது. "வாங்க, பூட்டிரலாம்." பெஞ்சிலிருந்து எழுந்தவர் இன்னொன்றும் சொன்னார்: "ஆனா செட்டியாரே, பழுது பாக்குறதோட சரி. வண்டியில ஏறி ஒக்கார மாட்டேன்."

பூட்ட நாற்பத்தேழு நாள் ஆயிற்று. திருப்பதி தாமாகவே முன்வந்து, கேட்டலாக்கை மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வோர் உருப்படியும் உள்ளே போகப் போகப் பென்சிலால் குறியிட்டார். பழைய குற்றத்துக்குப் பரிகாரமா, இந்தத் தடவையாவது கையும் களவுமாகப் பிடிக்கலாம் என்றா என்பது அவருக்கே தெளிவாக இல்லை. இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினாறுக்கும் குறி விழுந்தது. தாவூது பப்பாளித் தண்டில் கேட்டார், திருகினார், எழுந்தார். கூடத்தின் நடுவில் மயில் கழுத்துக் கார் ஓடிக்கொண்டிருந்தது. அதன் பக்கத்தில், சாக்குகளின் மேல், ஒரு முழுச் சேசிஸும் ஆறு சிலிண்டர் என்ஜின் பிளாக்கும் மிச்சம் இருந்தன.

திருப்பதி கேட்டலாக்கை முதல் பக்கத்திலிருந்து ஒருமுறை புரட்டினார். பிறகு மூடி வைத்துவிட்டுக் கொஞ்சம் காபி கேட்டார்.

சேசிஸ் யாருக்கு என்ற பேச்சு வந்தது. "ஒங்க வண்டியிலேருந்து வந்தது, ஒங்களுக்குள்ளதுதான்" என்றார் தாவூது. சோலையப்பன் இல்லையென்று தலையாட்டினார். "என் வண்டியில எதுவும் கொறையல. திருப்பதியே குறி போட்டிருக்கான். கொறையாத வண்டியிலேருந்து வந்தது எப்படி பாய் எனக்குள்ளதாகும்? ஒங்க கையிலதான் விழுகுது. நீங்க எடுத்துட்டுப் போங்க." எடுத்துட்டுப் போங்க என்று அவர் சொன்னபோது இரண்டு பேரும் ஒரு நிமிஷம் வேறு பக்கம் பார்த்தார்கள். சேசிஸை ஷெட்டுக்குக் கொண்டுபோக நாலு பேரும் ஒரு பார வண்டியும் தேவைப்பட்டது.

ஷெட் மறுபடி திறந்தது. சோலையப்பன் காரைத் தனியாக ஓட்டினார். வலப்பக்க இருக்கை காலி. முன்னால் ஒரு மாட்டுவண்டி போனால் அதன் பின்னாலேயே போனார், அது எங்கே திரும்புகிறதோ அதுவரை. பதினேழு மைல் தள்ளி இருக்கிற இலுப்பூருக்குப் போய்ச் சேர ஒரு நாள் நாலு மணி நேரம் ஆயிற்று. வைக்கோல் ஏற்றிப் போன அந்த வண்டிக்காரர் பின்னால் இவ்வளவு பெரிய கார் பொறுமையாக வருவதைக் கண்டு பயந்து, ஏதோ தப்புச் செய்துவிட்டோம் என்று நினைத்து, இலுப்பூரில் இறங்கிக் கும்பிட்டார். திருப்பதி இரண்டு தடவை வலப்பக்கம் உட்கார்ந்து பார்த்தார். அவர் லாரி வந்தாலும் வராவிட்டாலும் "இருங்க, இருங்க" என்றே சொன்னதால் விட்டுவிட்டார்கள்.

தாவூது ஏறக்குறைய நாலு வருஷம், பஸ் வேலை போக மிச்ச நேரத்தில் சேசிஸின் மேல் வேலை செய்தார். ரஹீமா பீவி தம் பொருள்களை ஒவ்வொன்றாகக் கொடுத்தார். ஊறுகாய்ச் சாடிக்குக் கருங்கல் வைத்தார். அரிசிப்பானையைத் தரைக்கு இறக்கினார். கோழிக்கூண்டுக் கதவைக் கழற்றியபோது கோழிகள் இரண்டு நாள் வெளியே வரத் தெரியாமல் உட்கார்ந்திருந்தன. இல்லாத சாமான்கள், சோலையப்பனின் காரை ஒவ்வொரு தடவை பழுது பார்த்தபோதும் ஒழுங்காக மிச்சம் விழுந்து வந்தன. 1961இல் இரண்டு இருக்கை. அடுத்த வருஷம் கூரை. மேல்கூட்டுக்கு ராக்கன் வேப்பஞ்சட்டம் அறுக்க வந்தார். வேண்டியிருக்கவில்லை, கூரையோடு வேப்பஞ்சட்டமே சேர்ந்து விழுந்திருந்தது. அவருடைய உளி தவறிய அடையாளம்கூட அதில் இருந்தது. ராக்கன் அதைத் தடவிப் பார்த்து, இதற்குத் தமக்குக் கூலி வராதே என்று மட்டும் வருத்தப்பட்டார். 1964 தையில், சோலையப்பனின் கார் பிளக் மாற்றிப் போன அன்று, கடைசியாக ஒரு சாவி பலகையில் கிடந்தது.

தாவூது அதை உடனே போட்டுப் பார்க்கவில்லை. குளித்தார், தொழுதார், வெள்ளைச் சட்டை மாட்டிக்கொண்டார். முப்பது வருஷமாக அடுத்தவர் காரின் கீழ் படுத்திருந்த மனிதர், தம்முடைய காரின் உள்ளே ஏறி உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்தார். 1952இல் விழுந்த பதின்மூன்றாவது வால்வு முதல் வேலையைச் செய்தது. என்ஜின் ஒரே முயற்சியில் கிளம்பியது. ரஹீமா பீவி கதவுக்குப் பின்னால் அழுதுகொண்டிருந்ததாக அண்டை வீட்டார் சொன்னார்கள். அவர் அதை ஒப்புக்கொள்ளவில்லை.

பதிவு அலுவலகத்தில் சின்னத் தாமதம். இரண்டு காரிலும் ஒரே என்ஜின் எண், ஒரே சேசிஸ் எண். மேலதிகாரி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தார். மரச்சட்டத்து உளி அடையாளம் வரை பார்த்தார். ஒரு கார் திருட்டுக் காராக இருந்தால் எழுத விதி இருந்தது, போலியாக இருந்தாலும் விதி இருந்தது. இது இரண்டுமில்லை என்பதால் அவர், ஏற்கெனவே பதிவான காருக்கு இன்னொரு தடவை பதிவு எண் தேவையில்லை என்று எழுதி, அதே எண்ணைக் கொடுத்து அனுப்பினார்.

புதுக் காருக்கும் ஸ்டியரிங் இடப்பக்கம்தான். வலப்பக்கம் யாராவது உட்கார்ந்து பார்க்க வேண்டும். "யாரைக் கூப்பிடுறது" என்று தாவூது யோசித்துக்கொண்டிருந்தபோது ரஹீமா பீவி வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு வந்து கதவைத் திறந்து ஏறினார். "கோழிக்கூண்டு கதவுதான, எனக்குத் தெறக்கத் தெரியும். நான் பாத்துச் சொல்றேன், போங்க" என்றார். அவர் கண் கூர்மையானது. தாவூதைவிட ஒரு பர்லாங் முன்னதாகவே லாரியைக் கண்டுபிடித்தார். "அல்லே" என்ற வார்த்தையை மூன்றே நாளில் பிடித்துக்கொண்டார்.

ஒரு சாயங்காலம் அன்னவாசல் சாலையில் கடலை ஏற்றிய வண்டி ஒன்றின் பின்னால் சோலையப்பன் ஊர்ந்துகொண்டிருந்தார். அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. வலது கண்ணில் புரை விழ ஆரம்பித்திருந்தது. பின்னாலிருந்து இன்னொரு மயில் கழுத்துக் கார் வந்தது, "அல்லே!" என்று ஒரு பெண் குரல் கேட்டது, அது அவரையும் கடலை வண்டியையும் தாண்டிப் போயிற்று. தாண்டியதும் வேகத்தைக் குறைத்தது. இடப்பக்க ஜன்னலிலிருந்து ஒரு கை நீண்டு, முன்னால் வா என்று அசைந்தது. சோலையப்பன் கொஞ்சம் தயங்கினார். பிறகு மிதித்தார். எதிரே ஒன்றும் வரவில்லை. அன்று அவர் வீட்டுக்கு வந்ததும் இரண்டு தடவை சாதம் வாங்கிச் சாப்பிட்டார்.

அதன் பிறகு அப்படித்தான் போனார்கள். முன்னால் தாவூதின் கார், பின்னால் சோலையப்பனின் கார். ரஹீமா பீவி பார்த்துச் சொல்வார், தாவூது தாண்டுவார், கையை நீட்டுவார், சோலையப்பன் வருவார். தாவூது அந்தப் பழைய இருக்கையில் மறுபடி உட்காரவில்லை. சோலையப்பனும் உட்காரச் சொல்லிக் கேட்கவில்லை. சித்தன்னவாசலில் இரண்டு காரையும் பாறை நிழலில் நிறுத்தி, பானெட்டைத் திறந்து ஆறவிட்டு, இரண்டு பேரும் சைகோன் ரொட்டிக்கடைகளைப் பற்றிப் பேசுவார்கள். ரஹீமா பீவி காருக்குள் இருந்தபடியே, போன வாரம் சொன்ன முக்கு இது இல்லையே என்று திருத்துவார். அவர் சைகோனுக்குப் போனதில்லை.

1966 வைகாசியில் கோட்டைப்பட்டினத்தில் ரஹீமா பீவியின் தங்கை மகள் சாரா உம்மாளுக்குக் கல்யாணம். மூவரும் இரண்டு காரில் புறப்பட்டார்கள். அறந்தாங்கி பஸ் ஸ்டாண்ட் முக்கில் கான்ஸ்டபிள் தங்கமுத்து கை காட்டி நிறுத்தினார். அவர் ஊருக்குப் புதிது. முன் காரின் எண்ணைப் படித்தார், பின் காரின் எண்ணைப் படித்தார், மறுபடி முன்னால் வந்தார்.

"ரெண்டுலயும் ஒரே நம்பரா இருக்கே?"

"ஒரே வண்டிதாங்க" என்றார் தாவூது.

"அப்ப பின்னால நிக்கிறது?"

"அதுவும் இதுதாங்க."

தங்கமுத்து காகிதங்களை வாங்கிப் பார்த்தார். முத்திரை சரியாக இருந்தது. இரண்டு காரையும் ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். சோலையப்பன் கண்ணாடியை இறக்கி வணக்கம் சொன்னார். அந்தப் பக்கம் ஓர் ஆட்டு மந்தை சாலையைக் கடக்கக் காத்து நின்றது, பின்னால் ஒரு பஸ் ஹாரன் அடித்தது.

"ரெண்டுலயும் பிரேக் பிடிக்குமா?" என்று கேட்டார்.

"நல்லாப் பிடிக்குங்க."

"அப்பப் போங்க, வெயிலாகுது" என்று அவர் ஆட்டுக்காரரை நிறுத்திவிட்டு, முன்னால் நின்ற காருக்குப் போகலாம் என்று கையை வீசினார். பின்னால் வந்ததற்குத் தனியாக வீசவில்லை.